சிகரெட்டுக்குப் பதிலாக நிக்கோடின் பவுச் வைக்கலாமா? ஓசூர் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, வயது முப்பத்தாறு, ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட். பெங்களூரில் இருக்கிற நண்பர் ஒரு வட்ட டப்பாவைக் கையில் கொடுத்து, "இதை உதட்டுக்குள்ள வெச்சுக்கோ, தம்மே தேவைப்படாது" என்று சொல்லியிருக்கிறார். திறந்தால் சின்னச் சின்ன வெள்ளைப் பைகள், புதினா வாசனை. இது சிகரெட்டைவிடப் பரவாயில்லையா, இதை வைத்து சிகரெட்டை விட முடியுமா, நம்ம பக்கம் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கிருஷ்ணகிரியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: சரியான நிக்கோடின் பவுச், சிகரெட் புகையைவிட நிச்சயம் குறைந்த கெடுதல்தான். ஆனால் உங்கள் கையில் இருப்பது சரியான பவுச்தானா என்பது முதல் கேள்வி. சரியானதே ஆனாலும், அதே வேலையைச் செய்கிற, நாற்பது வருடமாகச் சோதித்துப் பார்த்த, மருந்து உரிமத்தோடு விற்கிற பொருள் உங்கள் தெரு மெடிக்கலிலேயே இருக்கும்போது இதை ஏன் தேட வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டையும்தான் கீழே நீட்டி எழுதியிருக்கிறேன்.

முதலில் டப்பாவைப் பாருங்கள். நிக்கோடின் பவுச் என்பதில் புகையிலைத் தூள் இருக்காது. தாவர நார், அதில் ஏற்றிய நிக்கோடின், இனிப்பு, வாசனை, காரத்தன்மைக்காகக் கொஞ்சம் சோடியம் கார்பனேட் மாதிரி ஏதாவது ஒன்று, அவ்வளவுதான். பையைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள் இருக்க வேண்டும். பழுப்பாக, ஈரமாக, இலைத்தூள் மாதிரி இருந்தால் அது வேறு சங்கதி. அது புகையிலை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால் நம்ம மாவட்டத்தில் "உதட்டுக்குள் வைக்கிற பை" என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேருக்கு நினைவுக்கு வருவது கூல் லிப். பள்ளிக்கூடப் பையன்கள் வரைக்கும் போய்விட்ட அந்தச் சமாச்சாரம் முழுக்க முழுக்கப் புகையிலைதான், வடிகட்டி மாதிரியான சின்னப் பைக்குள் அடைத்தது. தமிழ்நாட்டில் குட்காவோடு சேர்த்து 2013 முதலே தடை. 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இதைப் பாதுகாப்பற்ற உணவுப் பொருள் என்று அறிவித்து நாடு முழுக்கவே ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது. தடை இருக்கிறது, சரக்கும் வருகிறது. அத்திப்பள்ளி தாண்டி ஜூஜூவாடி வழியாக வருகிற வண்டியில் மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள் என்று மாதத்துக்கு நாலு செய்தி படிக்கிறோம் இல்லையா, அதில் ஹான்ஸ், விமல், கூல் லிப் மூன்றும்தான் எப்போதும். ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் போய் "நிக்கோடின் பவுச் இருக்கா" என்று கேட்டால் அவர் இதைத்தான் எடுத்து நீட்டுவார். சிகரெட்டை விடுவதற்கு என்று நினைத்துக்கொண்டு கூல் லிப்புக்குப் போனவர், நுரையீரலில் இருந்த ஆபத்தைக் கொண்டுபோய் வாய்க்குள் வைத்துக்கொண்டார் என்றுதான் அர்த்தம். இந்திய ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் உதடு, வாய்ப் புற்றுநோய்க்குத்தான். அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த மெல்லுகிற, ஒதுக்குகிற புகையிலை.

சரி, உங்கள் டப்பாவில் இருப்பது உண்மையான பவுச் என்றே வைத்துக்கொள்வோம். அது எப்படி வேலை செய்கிறது?

நம்ம பாட்டிமார் வெற்றிலை, புகையிலையோடு சுண்ணாம்பு ஏன் தடவினார்கள்? சுண்ணாம்பு வாயைக் காரத்தன்மைக்குக் கொண்டுபோகும், காரத்தன்மை கூடினால் நிக்கோடின் ஈறு, கன்னத் தோல் வழியாகச் சுலபமாக உள்ளே இறங்கும். பவுச்சில் இருக்கிற கார்பனேட்டுக்கும் அதே வேலைதான். வைத்ததும் உதட்டுக்குள் சுரீர் என்று எரிகிறதே, பாதி காரணம் அதுதான். மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அரை மணி நேரம் போல வைத்திருந்துவிட்டுத் துப்பிவிட வேண்டும், மெல்லக் கூடாது, விழுங்கக் கூடாது.

இங்கே ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சிகரெட்டை இழுத்தால் நிக்கோடின் நுரையீரல் வழியாகச் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். அந்த வேகத்துக்குத்தான் மூளை அடிமை. பவுச்சில் மெதுவாக ஏறும், உச்சத்துக்கு வர அரை மணி, ஒரு மணி நேரம் கூட ஆகும். அதனால் "சிகரெட் மாதிரி கிக் இல்லையே" என்று முதல் நாளே தோன்றும். தோன்றியதும் இன்னொரு பையையும் சேர்த்து வைப்பார்கள், அல்லது வெளியே போய் ஒன்று பற்றவைப்பார்கள். இரண்டுமே தப்பு. மெதுவாக ஏறுவது குறை இல்லை, அந்த வேகத்துக்குப் பழகிய மூளையை இறக்கிக் கொண்டுவர அதுதான் வழி.

அப்புறம், நிக்கோடினையும் புகையையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகுங்கள். அடிமையாக்குவது நிக்கோடின். ஆனால் புற்றுநோய், நுரையீரல் அடைப்பு, மாரடைப்பு என்று ஆளைக் கொண்டுபோவது பெரும்பாலும் எரியும் புகையில் இருக்கிற தார், கார்பன் மோனாக்சைடு இன்ன பிற. புகையில் 7000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள், அவற்றில் குறைந்தது 70 புற்றுநோயை உண்டாக்குபவை. பவுச்சில் எரிதலே இல்லை, அதனால் இந்தப் பட்டியலில் பெரும்பகுதி கழிந்துவிடும். இதற்காக நிக்கோடின் அப்பாவி என்று சொல்லவில்லை. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல், வளர்கிற பையன்களின் மூளைக்குக் கெடுதல். ஏற்கெனவே பதினைந்து சிகரெட் குடிக்கிற உங்களுக்கு அது புதிய விருந்தாளி இல்லை, அவ்வளவுதான். சிகரெட்டே தொடாத ஒருவர் இந்தப் பதிலைப் படித்துவிட்டு "அப்போ இது சேஃப்" என்று டப்பாவைத் திறந்தால் அவருக்கு இதில் லாபம் ஒன்றுமே இல்லை, நஷ்டம் மட்டும்தான்.

இணையத்தில் தேடினால் உடனே ஸ்வீடன் கதை வரும். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அரைகுறையாகப் படித்துவிட்டு என் கடைக்கே வந்து வாதாடுகிறவர்கள் உண்டு. ஸ்வீடனில் ஸ்னூஸ் என்று ஒரு பழைய பழக்கம், உதட்டுக்குள் வைக்கிற புகையிலை. ஐரோப்பிய யூனியன் 1992-ல் அதன் விற்பனையைத் தடை செய்தது, 1995-ல் உள்ளே சேர்ந்த ஸ்வீடனுக்கு மட்டும் விலக்கு. அங்கே இன்று தினமும் புகைக்கிறவர்கள் இருபது பேரில் ஒருவர் அளவுக்குத்தான், ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோயும் ஐரோப்பாவின் மற்ற நாடுகளைவிடக் குறைவு. இதைக் காட்டி "வாயில் வைக்கிற புகையிலை பாதுகாப்பானது" என்று ஹான்ஸுக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. ஸ்வீடன்காரர்கள் புகையிலையை நீராவியில் சூடாக்கித் தயாரிக்கிறார்கள், நைட்ரோசமைன் என்கிற புற்றுநோய்ப் பொருளின் அளவைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பொட்டலத்தில் அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, பல நேரம் கூடவே பாக்கும் சேர்ந்துகொள்கிறது. பாக்கு தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

ஸ்னூஸிலிருந்து புகையிலையை எடுத்துவிட்டு வந்ததுதான் இன்றைய வெள்ளை பவுச். ஸின் என்கிற பிராண்ட் 2014-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதைத் தயாரித்த ஸ்வீடிஷ் மேட்ச் கம்பெனியை 2022-ல் ஃபிலிப் மோரிஸ் வாங்கிவிட்டது, மார்ல்பரோ விற்கிற அதே ஃபிலிப் மோரிஸ். வெலோ என்று இன்னொன்று இருக்கிறதே, அது பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுடையது. சிகரெட் விற்றவர்களே சிகரெட்டை விடுவதற்கும் பொருள் விற்கிறார்கள் என்பதை நான் கோபமாகச் சொல்லவில்லை, ஆய்வுகளைப் படிக்கும்போது யார் பணம் கொடுத்தார்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். பவுச் பற்றிய ஆய்வுகளில் கணிசமானவை கம்பெனிக்காரர்களே செய்தவை.

2025 ஜனவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 20 வகை ஸின் பவுச்களை விற்க அனுமதி கொடுத்தது. இதை உங்கள் நண்பர் "எஃப்.டி.ஏ. அப்ரூவ்ட்" என்று சொல்லியிருப்பார். அப்படி இல்லை. சிகரெட் குடிக்கிற பெரியவர்கள் முழுதாக இதற்கு மாறினால் அவர்களுக்குக் கெடுதல் குறையும், ஒட்டுமொத்த சமூகக் கணக்கில் லாபம் அதிகம் என்று பார்த்து விற்க விட்டிருக்கிறார்கள். சிகரெட்டை விடவைக்கும் மருந்து என்று சான்றிதழ் கொடுக்கவில்லை. அப்போது அனுமதி கிடைத்த ஸின் 3 மில்லிகிராம், 6 மில்லிகிராம் என்று இரண்டே அளவு. இன்னொரு பக்கம் பெல்ஜியம் 2023-ல் பவுச் விற்பனையையே தடை செய்துவிட்டது. ஒரே பொருளைப் பார்த்து இரண்டு நாடுகள் இரண்டு முடிவுக்கு வந்திருக்கின்றன என்றால், நீண்ட காலத் தரவு இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். பத்துப் பதினைந்து வருடம் மட்டுமே சந்தையில் இருக்கிற பொருளுக்கு முப்பது வருடத்துக்குப் பிறகு ஈறில் என்ன ஆகும் என்று யாரும் பார்த்திருக்க முடியாது.

டப்பாவில் எழுதியிருக்கிற எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். சில டப்பாவில் "ஒரு பைக்கு இத்தனை மில்லிகிராம்" என்று இருக்கும், சிலவற்றில் "ஒரு கிராமுக்கு இத்தனை" என்று இருக்கும். ஒரு கிராமுக்கு 20 மில்லிகிராம் என்று போட்டிருந்து, ஒரு பை 0.7 கிராம் என்றால், ஒரு பையில் 14 மில்லிகிராம். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 44 வகைப் பவுச்களைச் சோதித்ததில் மிகக் குறைந்தது 1.79 மில்லிகிராம், மிக அதிகம் 47.5 மில்லிகிராம் இருந்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் நான் மேலே சொன்ன நைட்ரோசமைனும் சிறிய அளவில் இருந்தது, புகையிலையே இல்லாத பொருளில். ஒரு சிகரெட்டிலிருந்து ரத்தத்துக்குள் போகும் நிக்கோடின் 1 முதல் 1.5 மில்லிகிராம் போலத்தான். பவுச்சில் இருக்கிற எல்லாமே உள்ளே போகாது என்றாலும், 20, 30 மில்லிகிராம் பையை வைத்துக்கொண்டு வயிற்றைப் புரட்டுகிறது, எச்சில் ஊறுகிறது, வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் அது நிக்கோடின் அதிகமானதன் அறிகுறி. உடனே துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள், நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம்ம நாட்டுச் சட்டம்? 2019-ல் இ-சிகரெட்டை முழுதாகத் தடை செய்தார்கள், அந்தச் சட்டம் சூடாக்கும் மின்கருவிகளைப் பற்றியது, பவுச் அதில் வராது. உணவுப் பாதுகாப்பு விதி, எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிக்கோடினோ சேர்க்கக் கூடாது என்கிறது, ஆகவே மிட்டாய் மாதிரி விற்கவும் முடியாது. மருந்தாக விற்க வேண்டுமென்றால் மருந்து உரிமம் வேண்டும். இன்ஸ்டாகிராமிலும் கைமாற்றாகவும் வருகிற வெளிநாட்டு டப்பாக்களுக்கு இது எதுவும் கிடையாது. தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, இந்திய முகவரி இவற்றில் ஒன்றும் இல்லாத டப்பா போலியா அசலா என்று கண்டுபிடிக்க என்னால் முடியாது, உங்களாலும் முடியாது.

சரி, அப்போ என்ன செய்வது?

நிக்கோடின் கம், அதாவது சூயிங்கம் மாதிரி வாயில் போடுகிற மருந்து. இதுவும் ஸ்வீடன் சரக்குதான், சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாத மாலுமிகள் உள்ளே போனதும் வாய்ப் புகையிலைக்கு மாறிக்கொள்வதைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. உங்கள் ஷாப் ஃப்ளோரில் எட்டு மணி நேரம் தம் அடிக்க முடியாமல் தவிப்பதும் அதே பிரச்சினைதானே. அமெரிக்காவில் 1984-ல் மருந்தாக அனுமதி கிடைத்தது. உலக சுகாதார நிறுவனம், கம், தோலில் ஒட்டுகிற பேட்ச் மாதிரியான நிக்கோடின் மாற்று சிகிச்சையை 2009-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் குழு 2018-ல் 133 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கம், பேட்ச், சப்புகிற மாத்திரை இவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்துகிறவர்கள் சிகரெட்டை விடும் வாய்ப்பு 50 முதல் 60 சதவீதம் கூடுகிறது என்று தெரிந்தது. பவுச்சுக்கு இதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய ஆதாரம் கிடையாது. 2 மில்லிகிராம் கம் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே கிடைக்கும், 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும்.

"கம் போட்டுப் பார்த்தேன், வேலைக்கு ஆகல" என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தப்பாக மென்றவர்கள். தொப்பூர் கணவாய் ஏறி வருகிற லாரி டிரைவர்கள் என் கடையில் அட்டையைக் கிழித்து, அங்கேயே வாயில் போட்டு, பபிள்கம் மாதிரி சவுக் சவுக்கென்று மென்று, மீதிச் சில்லறை வாங்குவதற்குள் விக்கல் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். வேகமாக மென்றால் நிக்கோடின் எச்சிலில் கரைந்து வயிற்றுக்குப் போய்விடும். வயிறு எரியும், விக்கல் வரும், மூளைக்கு ஒன்றும் போகாது. மெதுவாக நாலைந்து தடவை மெல்லுங்கள். காரமாக, சுருக்கென்று ஒரு சுவை வரும். வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுவை அடங்கியதும் மறுபடி நாலு மெல்லு, மறுபடி ஒதுக்கு, இந்த முறை வேறு பக்கம். அரை மணி நேரம் ஒரு கம். போடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலிருந்து டீ, காப்பி, ஜூஸ், கூல்டிரிங்ஸ் எதுவும் வேண்டாம். வாய் புளிப்புத் தன்மைக்குப் போனால் நிக்கோடின் உள்ளே இறங்காது, மேலே சொன்ன சுண்ணாம்புக் கதைக்கு நேர் எதிர். டீயும் தம்மும் ஜோடியாகவே பழகிய ஆட்களுக்கு, டீ குடித்துக்கொண்டே கம்மைப் போட்டுவிட்டு "பவர் இல்ல" என்று சொல்லத்தான் தோன்றும்.

எத்தனை போட வேண்டும் என்றால், முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, அப்புறம் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், மொத்தம் பன்னிரண்டு வாரத்தில் முடிப்பது வழக்கமான கணக்கு. தவிப்பு வந்த பிறகு போடுவதைவிட மணி பார்த்துப் போடுங்கள். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிற ஆள் என்றால் 2 மில்லிகிராம் உங்களுக்குப் போதாமல் போகலாம், மருத்துவரைப் பார்த்து 4 எழுதி வாங்குங்கள். இன்னும் நல்லது, தோலில் ஒட்டுகிற பேட்ச்சையும் கம்மையும் சேர்த்துப் பயன்படுத்துவது. பேட்ச் நாள் முழுக்க ஒரே சீராக நிக்கோடின் கொடுக்கும், ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே டீக்கடைப் புகை மூக்கில் ஏறும்போது வருகிற திடீர்த் தவிப்புக்குக் கம். ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் அதிகம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பேட்ச் எல்லா மெடிக்கலிலும் இருக்காது, சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருவார்கள். இதிலும் முடியவில்லை என்றால் வரெனிக்ளின், புப்ரோபியான் என்று மாத்திரைகள் உண்டு, அவை மருத்துவர் பார்த்து எழுத வேண்டியவை, நானாகக் கொடுக்க மாட்டேன்.

இப்போது நான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிற விஷயம். பவுச்சோ கம்மோ, எதுவாக இருந்தாலும், கம்பெனிக்குள் இதுவும் வெளியே வந்தால் சிகரெட்டும் என்று இரண்டையும் ஓட்டுகிற பழக்கம்தான் பெரும்பாலானவர்களைக் கவிழ்க்கிறது. "பதினைஞ்சு குடிச்சேன், இப்ப நாலுதான்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். நுரையீரலுக்கு அதில் கொஞ்சம் லாபம் இருக்கலாம், இதயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் குடிக்கிறவருக்கும், இருபது குடிக்கிறவருக்கு வருகிற கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி இருக்கிறது என்று காட்டியது. ஆகவே குறைத்துக்கொண்டே வருவது என்பது ஒரு தேதியில் போய் நிற்க வேண்டும், அந்தத் தேதிக்குப் பிறகு சிகரெட் பூஜ்யம். கம்மைப் பிறகு மெதுவாக விட்டுக்கொள்ளலாம், அவசரமில்லை.

அப்புறம் காப்பி சமாச்சாரம். சிகரெட் புகையில் இருக்கிற சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு, காஃபீனை வேகமாக வெளியேற்ற வைக்கும். புகையை நிறுத்தினால் அந்தத் தூண்டல் நின்றுவிடும், நீங்கள் எப்போதும் குடிக்கிற அதே நாலு காப்பி உடம்பில் அதிக நேரம் தங்கும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கம் வராமை. இதை நிக்கோடின் தவிப்பு என்று நினைத்துத் திரும்ப சிகரெட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. முதல் இரண்டு வாரம் காப்பியைப் பாதியாக்கிவிடுங்கள், நைட் ஷிஃப்ட்டில் கஷ்டம்தான், தெரியும். இது நிக்கோடின் செய்கிற வேலை இல்லை, புகை செய்கிற வேலை, அதனால் பவுச்சுக்கு மாறினாலும் கம்முக்கு மாறினாலும் இதே கதைதான். காப்பியோடு போனால் பரவாயில்லை, வீசிங்குக்கு தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே மாதிரி அளவு ஏறும், வாந்தி, படபடப்பு வரும். குவாரியில் கல் அறுத்து, தூசியும் பீடியும் சேர்ந்து இருமலோடு என் கடைக்கு வருகிறவர்களில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர். புகையை நிறுத்தப்போகிறேன் என்று மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மனநலத்துக்குக் கொடுக்கிற ஓலன்ஜபின், குளோஜபின் இரண்டுக்கும் இது பொருந்தும்.

இவ்வளவு சொல்லியும், "டப்பா கையில் இருக்கு அண்ணா, தூக்கிப்போட மனசு வரல" என்றால், சரி, சிகரெட்டைப் பற்றவைப்பதைவிட அது மேல், வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் போகாதீர்கள். இரண்டு பையைச் சேர்த்து வைக்காதீர்கள். வைக்கிற இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரே இடத்தில் வைத்தால் ஈறு புண்ணாகும், உள்ளுதட்டில் தோல் சுருங்கி வெளுக்கும். வாரம் ஒரு தடவை கண்ணாடி முன்னால் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பல்லில் ஃப்ளோரைடு தண்ணீரால் வந்த பழுப்புக் கறை சின்ன வயசிலிருந்தே இருக்கும், ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்னால் வளர்ந்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், அதனால் பல்லைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பல்லை வைத்துத் தைரியப்படவும் வேண்டாம். பார்க்க வேண்டியது ஈறும் கன்னத்து உள்பக்கமும். வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் டப்பாவைப் பூட்டி வையுங்கள், துப்பிய பையைக்கூட காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுங்கள். புதினா வாசனை, இனிப்பு, வெள்ளை நிறம், பிள்ளைகளுக்கு அது மிட்டாய்தான். அமெரிக்காவில் பவுச்சை விழுங்கிய குழந்தைகளைப் பற்றி விஷ முறிவு மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2020-க்கும் 2023-க்கும் நடுவில் பல மடங்கு கூடின. உங்கள் மனைவி கர்ப்பமாக இருந்தால், அல்லது உங்களுக்குச் சமீபத்தில் நெஞ்சுவலி, ஆஞ்சியோ என்று ஏதாவது ஆகியிருந்தால், இந்த வீட்டு வைத்தியம் எல்லாம் வேண்டாம், நேராக மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கடைசியாக, புகையிலையை விட உதவுகிற ஹெல்ப்லைன் எண். உங்கள் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை: 1800-11-2356. காசு கிடையாது. தென்மாநிலங்களுக்கான அழைப்புகளை பெங்களூரில் இருக்கிற மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் இருந்து எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். ஒரு தடவை பேசிவிட்டு விட்டுவிட மாட்டார்கள், நீங்கள் விடுகிற தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு திரும்ப அழைப்பார்கள். நேரில் போவதென்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் போய் "சிகரெட் விடணும்" என்று சொன்னால் போதும். மனநலப் பிரிவா என்று கூச்சப்படாதீர்கள். நிக்கோடின் தவிப்பு முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருக்கும், கோபம், பசி, தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் வரும், மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த முதல் வாரத்தை நைட் ஷிஃப்ட்டில் வைத்துக்கொள்ளாமல் பகல் ஷிஃப்ட் வருகிற வாரமாகப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

எந்த அளவு கம் என்று சொல்வதற்கு எனக்கு மூன்று விவரம் வேண்டும்: காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், பி.பி., சுகர், வீசிங் என்று ஏதாவது மாத்திரை ஓடுகிறதா, அந்த டப்பாவின் அடிப்பக்கம் ஒரு போட்டோ. கீழே பதிலில் போடுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.